நஷ்டம் என்னுடையது என்றார் ராத்தா

மிளகு மூட்டையின் வாயை அவிழ்த்ததும் ராத்தா சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு, வலது கையை முழங்கை வரைக்கும் உள்ளே விடுவார். விட்டுவிட்டு அசையாமல் நிற்பார். கண்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். சரியாகக் காயாத மிளகு மூட்டைக்குள் அடைபட்டால் நடுவில் ஒரு வெதுவெதுப்பு உண்டாகும். மேலே அள்ளிப் பார்க்கிறவருக்கு அது தெரியாது. பிறகு ஒரு கைப்பிடி எடுத்து, அதில் ஒரே ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்து, கடிபடுகிற சத்தத்தைக் கேட்பார். அதற்குப் பிறகுதான் விலை சொல்வார். மூட்டை கொண்டுவந்தவர் அதுவரைக்கும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் முதன்முதலாக அந்தக் கடைக்குள் நுழைந்தபோது இதுதான் நடந்துகொண்டிருந்தது. இதே வேலையைச் செய்கிற ஒரு பெட்டியை விற்பதற்காகத்தான் நான் போயிருந்தேன். வாசலிலேயே எனக்குக் கூச்சமாகிவிட்டது.

ராத்தா என்றால் அக்கா. மாத்தளை முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இருக்கு என்பதை ஈக்கி என்றும், சொல்லு என்பதைச் செல்லு என்றும் பேசுவார்கள். கடைத்தெருவில் எல்லோரும் அவரை அப்படியே அழைத்ததால் நானும் அதில் ஒட்டிக்கொண்டேன். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கணவர் மாரடைப்பில் போன பிறகு, விதவை இத்தா இருக்க வேண்டிய மாதங்களை வீட்டுக்குள் இருந்து முடித்து, வெளியே வந்த மறுநாளே கடைத் திறப்புக் கொத்தைக் கையில் எடுத்தவர். மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிற கடை அது. பொம்பளைக்கு மூட்டையின் அடி தெரியுமா என்று நினைத்து, முதல் வருடம் ஈர மிளகை அவர் தலையில் கட்டப் பலர் வந்தார்கள். அடுத்த வருடம் அவர்களே வாசலில் பவ்வியமாக நின்றார்கள்.

நான் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்தெடுத்துப் படிக்க வைத்தார். கம்ப்யூட்டர் படித்து, கொழும்பில் நாலு வருடம் வேலை பார்த்து, சொந்தமாக ஏதோ கிழிக்கப் போகிறேன் என்று ஊருக்குத் திரும்பியிருந்தேன். இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் காலத்தின் இனிமை ஒன்றும் காரணமில்லை. ராத்தாவிடம் நான் ஒரு பொய் சொன்னேன். ஒரே ஒரு சொல்லில் சொன்ன பொய். அதை மூன்று வருடம் தூக்கிக்கொண்டு திரிந்த களைப்பு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. எழுதினால் போகுமா என்றும் தெரியவில்லை.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்த கம்பனி அது. கம்பனி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஒரு அறை, இரண்டு மேசை, மிளகைச் சோதனைக்காகக் காயவைக்கிற ஒரு மின்சார அடுப்பு, அவ்வளவுதான். எங்களுடைய பெட்டிக்குள் ஒரு பிடி மிளகைக் கொட்டினால், அதில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று போனில் காட்டும். அந்த ஈரத்துக்கு அன்றைய விலை என்ன என்பதையும் காட்டும். ஊருக்குள் மிளகு சேகரித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர்களிடம் இந்தப் பெட்டி இருந்தால், தோட்டக்காரர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வந்து ஏமாறத் தேவையில்லை. இதைக் கேட்டுத் தலையாட்டிய கொழும்புக்காரர் ஒருவர் பணம் போடுவதாக நாற்பது பக்க ஒப்பந்தம் அனுப்பியிருந்தார். நாங்கள் அதை வாசித்து முடிப்பதற்குள் நாடு விழுந்துவிட்டது. டொலர் இல்லை, பெற்றோல் இல்லை, காஸ் இல்லை. காலம் சரியாகட்டும் பார்க்கலாம் என்று கொழும்புக்காரர் இரண்டு வரியில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். என்னோடு இருந்த இரண்டு பேரும் கடவுச்சீட்டு வரிசையில் போய் நின்றார்கள். ஒருவர் கட்டாருக்கும் மற்றவர் அவுஸ்திரேலியாவுக்கும் போன பிறகு, அந்த அறையில் நானும் அடுப்பும் மிஞ்சினோம்.

அந்த நேரத்தில்தான் ராத்தா பணம் போட வந்தார். ரூபாய் விழுந்ததில் எல்லோரும் அழுதபோது, ஏற்றுமதிக்கு மிளகு வாங்கியவர்கள் மட்டும் அவ்வளவாக அழவில்லை. கையில் காசு இருந்தவர்கள் தங்கம் வாங்கினார்கள், காணி வாங்கினார்கள். வங்கிகள் அதுவரை கேள்விப்படாத வட்டி தருவதாக வாசலில் பலகை வைத்தன. ராத்தா வட்டியைத் தொடமாட்டார். அவரிடம் இருந்தது சும்மா சேர்ந்த காசும் இல்லை. அவரும் கணவரும் ஹஜ்ஜுக்குப் போவதற்கென்று கல்யாணமான நாளிலிருந்து சேர்த்தது. கணவர் போய்விட்டார். பிறகு கொரோனா வந்து பயணத்தை மூடியது. திறந்தபோது ரூபாய் விழுந்து, செலவு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. சேர்த்த காசு பாதி வழிக்குக்கூடக் காணாது. அதை வளர்த்து எடுத்து, முழங்கால் இரண்டும் ஒத்துழைக்கிற வயதிலேயே போய்விட வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. அது என்ன காசு என்று முதல் நாளே எனக்குச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார்.

கொடுக்கிற அன்று அவருடைய அண்ணனும் கடையில் இருந்தார். நாங்கள் எல்லோரும் நானா என்று கூப்பிடுவோம். நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது. "இது என்னா மிளகா, கிராம்பா, அள்ளிப் பாக்க? நாளைக்கு எங்க அந்தக் கம்பனின்னு கேட்டா போனுக்குள்ள ஈக்கின்னு செல்லுவாங்க" என்றார். "போனுக்குள்ளயாவது ஈக்கட்டும் நானா. நம்மட ஆக்கள் தங்கத்த வாங்கிக் கட்டிலுக்குக் கீழ தானே வெச்சீக்கிறாங்க" என்று ராத்தா அவருக்குப் பதில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து வைத்திருந்தார். அதில் எழுதும்படி அவர் சொன்னது எனக்கு இன்னும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

"காசு என்டது. ஒழப்பு ஒங்களது. லாபம் வந்தா சரிபாதி. நஷ்டம் வந்தா எனக்குக் காசு போகும், ஒங்களுக்கு ஒழப்புப் போகும். ஒரு சதம் நீங்க திருப்பித் தரத் தேவல்ல. ஒங்கட கவனக்கொறவால போனா மட்டும் அது ஒங்கட பொறுப்பு. எங்கட மார்க்கத்துல கூட்டு யாவாரத்துக்கு உள்ள ஒழுங்கு இதான் தங்கச்சி."

"நஷ்டம் வந்தா நெசமாவே கேக்க மாட்டீங்களா ராத்தா?" என்று கேட்டேன்.

"கேட்டா அது கடன். கடன் குடுத்து லாபமும் எடுத்தா அது வட்டி. அப்ப நான் எதுக்கு வங்கிய விட்டுட்டு ஒங்கட்ட வாறன்?"

கொழும்புக்காரரின் நாற்பது பக்கத்தை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பக்கத் தாளில் நானும் ராத்தாவும் கையெழுத்துப் போட்டோம்; நானா முணுமுணுத்துக்கொண்டே சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பெட்டி ஒவ்வொன்றையும் அடுப்பில் சோதித்த பிறகுதான் வெளியே அனுப்புவேன் என்று கடைசியில் ஒரு வரியை நானாகத்தான் சேர்த்தேன். அந்த வரியைச் சேர்க்கும்படி என்னை யாரும் கேட்கவில்லை.

முதல் பருவம் நன்றாகவே போனது. இரத்தோட்டைப் பக்கம் பத்துப் பேரிடம் பெட்டி கொடுத்தோம். அவர்கள் பெட்டியில் அளந்து வாங்கிய மிளகு ராத்தாவின் கடைக்கு வந்தது, அங்கிருந்து கொழும்புக்குப் போனது. விலையில் சண்டை இல்லை. அம்மாவுக்குத் தெரிந்த தோட்டத்து ஆட்கள், லயத்து வீடுகளுக்குப் பின்னால் காய்க்கிற இரண்டு கொடி மிளகுக்குக்கூட முதல் தடவையாக உரிய விலை கிடைத்தது என்று பஸ்ஸில் என்னைக் கண்டு சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள், போனேன். இனிமேல் கை வேண்டாம், பல் வேண்டாம், பெட்டி பேசும் என்று மைக்கைப் பிடித்துச் சொன்னேன். ராத்தா பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒன்றைக் கவனித்தேன். பெட்டியில் அளந்து வந்த மூட்டைகளுக்குள் அவர் கையை விடவில்லை. ஒரு பழக்கத்துக்காவது பார்க்கலாமே என்று நான் கேட்டபோது, "கூட்டாளிட வேலைக்குள்ள கைய விட்டுப் பாக்கிறது மரியாத இல்ல தங்கச்சி" என்றார்.

அடுத்த பருவத்துக்கு இருபத்துநாலு புதுப் பெட்டிகள். நாவுலப் பக்கத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள். பெட்டியைப் பொருத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்தப் பருவத்து மிளகை எடுத்து, நிறுத்து, அடுப்பில் மணிக்கணக்காக வைத்து, இனி நிறை குறையாது என்கிற வரைக்கும் காயவைத்து, மறுபடி நிறுக்க வேண்டும். குறைந்த நிறைதான் தண்ணீர். அந்தக் கணக்கைப் பெட்டிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அந்த நாட்களில் மின்சாரம் தொடர்ந்து நாலு மணித்தியாலம் இருந்ததில்லை. அடுப்பு சூடாகும், அணையும், மிளகு காற்றிலிருந்து மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூன்று நாள் இப்படிப் போனது. நாவுலவிலிருந்து போன் மேல் போன். பெட்டி வராவிட்டால் பழையபடி கண்மதிப்பில் வாங்கிவிடுவோம் என்றார்கள். நான்காம் நாள் காலையில் நான் அடுப்பை மூடிவிட்டு, மிளகைக் கடித்தேன்.

ஆமாம், கடித்தேன். ஒரு வருடமாக ராத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன் அல்லவா, எனக்கும் வரும் என்று நினைத்தேன். ஒவ்வொரு பெட்டிக்கும் வைத்திருந்த மிளகிலிருந்து ஒரு மணியை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்து, சத்தத்தைக் கேட்டு, இவ்வளவு ஈரம் இருக்கும் என்று ஒரு இலக்கத்தைப் போட்டு, அந்த இலக்கத்தைப் பெட்டிக்குக் கொடுத்தேன். ராத்தா ஒரு மூட்டைக்கு ஒரு மணிதான் கடிப்பார்; அதற்குமேல் கடித்தால் நாக்கும் காதும் பொய் சொல்லும் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆறாவது பெட்டிக்குப் போகுமுன்பே எனக்கு வாய் எரிந்து மரத்துவிட்டது. அதற்குப் பிறகு நான் போட்டதெல்லாம் குருட்டு இலக்கம். சோதனைக் கொப்பியில் அடுப்பு என்று தலைப்பிட்ட பத்தியில் இருபத்துநாலு இலக்கங்களையும் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ராத்தாவின் கடை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். பல் வேண்டாம் என்று மைக்கில் பேசியவள் பல்லுக்காகப் போய் நிற்பதா என்ற வெட்கம் என்னை விடவில்லை. இதைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்கு இல்லை.

பெட்டிகள் ஈரமான மிளகைக் காய்ந்தது என்று காட்டின. நாவுலவில் நம்பி வாங்கினார்கள். ராத்தா நம்பி வாங்கி, மூட்டைகளைத் திறக்காமலே அடுக்கினார். கொழும்புக்கு ஏற்றிய லொறி டீசல் வரிசையில் இரண்டு நாள் நின்றது. இடையில் மழையும் பெய்தது. கொழும்பில் மூட்டையைத் திறந்தபோது வெள்ளைப் பூஞ்சணம். லொறி அப்படியே திரும்பி வந்தது. கடையில் அடுக்கியிருந்ததும் பாதி போயிருந்தது. பெட்டியை நம்பி வாங்கியவர்களுக்குப் பணத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று ராத்தா சொன்னார், கொடுத்தோம். அத்தோடு கம்பனியில் இருந்த எல்லாம் முடிந்தது. ஒருவர்கூட அது என் பிழை என்று சொல்லவில்லை. டீசல் வரிசை, மழை, மின்வெட்டு, விழுந்த நாடு என்று எல்லோர் கையிலும் காரணங்கள் தயாராக இருந்தன. அந்த வருடம் விழுந்தவர்களிடம் ஏன் விழுந்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

ராத்தா மட்டும் கேட்டார். அவர் கேட்டே ஆக வேண்டும், அது தாளில் எழுதியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து நானாவும் கடைக்கு வந்திருந்தார். ராத்தா எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ஒரு கேள்விதான். ஒங்கட பக்கத்தால கவனக்கொறவு ஏதாச்சும் ஈக்கா?"

"இல்ல" என்றேன்.

"அப்ப நஷ்டம் என்டது. அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு அண்ணனிடம், "கேட்டீங்கதானே நானா, இனி இதப் பத்தி இந்தப் புள்ளட்ட ஒண்ணும் பேசப்படாது" என்றார். நானா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தேத்தண்ணி ஆறுவதற்குள் குடிக்கச் சொன்னார் ராத்தா. குடித்தேன்.

பிறகு நான் இரத்தோட்டைக்குப் போய் அம்மாவோடு இருந்துகொண்டு, கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தேன். நல்ல சம்பளம்தான். ஆனால் எதிலும் மனம் ஒட்டவில்லை. ராத்தா கடையில் முன்பாதியை வாடகைக்கு விட்டுவிட்டு, பின்பக்கத்தில் சின்னதாக வியாபாரம் செய்கிறார் என்று கேள்விப்பட்டேன். டவுனில் என்னைப் பற்றி யாராவது வாய் திறந்தால் அவர் விடமாட்டாராம். அந்தப் பிள்ளை மேல் பிழை இல்லை என்று சண்டைக்கே போவாராம். இதைக் கேட்கும்போதெல்லாம் யாராவது என்னை நாலு கேள்வி கேட்டுத் திட்டினால் தேவலை என்றிருந்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்தேன். அம்மா புது சாரி வேண்டாம் என்றார், நான் எதுவுமே வேண்டாம் என்றேன். இரண்டரை வருடத்தில் ராத்தா போட்ட காசு சேர்ந்தது. அதை ஒரு உறையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் உறையைத் தொடவே இல்லை. முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். "இது ஒங்கட காசு. என்ட காசு அன்னைக்கே போயிட்டு. போன நஷ்டத்தத் திருப்பி வாங்கினா நான் கடன் குடுத்தவளா ஆகிருவன். நம்ம எழுதினது அப்பிடி இல்ல" என்றார். அன்பளிப்பாக வைத்துக்கொள்ளுங்கள், ஹஜ்ஜுக்குப் போங்கள் என்று கெஞ்சினேன். அவர் முகம் இறுகிவிட்டது. "பாவம்னு ஒத்தர் தந்த காசுல நான் அல்லாட வீட்டுக்குப் போறதா? ஏலா தங்கச்சி. என்ட காசு ஈந்தா போவன். இல்லாட்டி எனக்குக் கடம இல்ல." உறையோடு திரும்பி வந்தேன். அது அவருடைய காசாக மாறுவதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. நான் வாயைத் திறக்க வேண்டும். அதைச் செய்ய எனக்கு இன்னும் ஆறு மாதம் பிடித்தது. உறை அம்மாவின் அலுமாரியில் கிடந்தது. அது என்ன காசு என்று அம்மா கேட்கும்போதெல்லாம் எரிந்து விழுந்தேன்.

ஆறாவது மாதம் ராத்தாவே எனக்குப் போன் எடுத்தார். சீகிரியாப் பக்கத்துப் பொடியன்கள் மூன்று பேர், ஹோட்டல்களுக்கு மரக்கறி அனுப்பும் ஏதோ கம்பனி தொடங்கியிருக்கிறார்களாம். ராத்தாவிடம் கொஞ்சம் காசு போடக் கேட்கிறார்களாம். வந்து அவர்களுடைய வேலையைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்றார். போனேன். பொடியன்கள் பேசிவிட்டுப் போன பிறகு நானா வெடித்தார். "சூடு கண்டது காணாதா? மறுபடியும் போன் கம்பனியா?" என்று கத்தினார். அவர் என் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினார், ஆனால் எல்லாம் எனக்குத்தான். ராத்தா எழுந்து நின்றுவிட்டார். "வல்லாஹி நானா, இந்தப் புள்ள மேல ஒரு பிழயும் இல்ல. நான் சத்தியம் பண்ணிச் செல்றேன். இதுக்குமேல பேசாதீங்க" என்றார். அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறார். நான் அவர் பக்கத்தில் நிற்கிறேன்.

அப்போதும் நான் பேசவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு பஸ் நிலையத்துக்கு வந்து இரத்தோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கொழுந்துக்காரப் பெண்கள் சாமான் பைகளோடு ஏறி என்னை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கண்டக்டர் டிக்கட் வெட்டத் தொடங்கிய பிறகு நான் எழுந்து, எல்லோருடைய கால்களையும் மிதித்துக்கொண்டு இறங்கினேன். திட்டினார்கள். கடைக்குத் திரும்பிப் போனபோது நானா போயிருந்தார். ராத்தா தனியாகக் கிராம்பு தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மின்வெட்டு, கடித்தது, கொப்பியில் எழுதியது, அன்றைக்கு இல்லை என்று சொன்னது எல்லாம். அவர் தெரிந்தெடுப்பதை நிறுத்தவில்லை. நல்லது ஒரு பக்கம், உடைந்தது ஒரு பக்கம் என்று கை போய்க்கொண்டே இருந்தது.

"எத்தன பெட்டி?" என்று கேட்டார்.

"இருபத்துநாலும்."

கை நின்றது. "ஏன் என்னக் கூப்பிடல்ல? நாலு நாளக்கி வெச்சுக் கொஞ்சம் கொஞ்சமாக் கடிச்சு நான் செல்லீப்பேனே. ரெண்டு தெரு தள்ளி தானே ஈந்தேன்."

வெட்கம் என்று சொன்னேன். அந்தச் சொல் அந்தக் கடைக்குள் எவ்வளவு கேவலமாகக் கேட்டது என்று இப்போதும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"காசு போனதுக்கு எனக்குக் கோவம் இல்ல" என்றார் ராத்தா. "காசு வரும், போகும். மூணு வருஷமா ஒங்களுக்காகச் சாட்சி செல்லி வாறன். இப்ப கொஞ்சத்துக்கு முன்னாலயும் அல்லா மேல சத்தியம் பண்ணினேன். நீங்க பக்கத்துல நிண்டு கேட்டுட்டுப் போனீங்க. ஒங்கட பொய்ய என்ட வாயால செல்ல வெச்சீங்களே தங்கச்சி, அது எப்பிடி ஒங்களுக்கு ஏலுமா ஈந்திச்சு?" நான் அழுதேன். அவர் அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. கிராம்பை ஒதுக்கி வைத்துவிட்டு, "இப்ப அது என்ட காசு. நாளைக்குக் கொண்டு வாங்க. நானாக்கும் நீங்களே செல்லுங்க" என்றார். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். நானாவிடமும் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போனார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன், அதுவும் கிடைக்கவில்லை. அந்த வாரம் ராத்தா மூன்று நாள் நோன்பு பிடித்தார் என்று கடைத்தெருவில் சொன்னார்கள். தவறிப்போன சத்தியத்துக்கு அப்படிப் பிடிப்பார்களாம். தெரியாமல் செய்த சத்தியத்துக்கு அது தேவையில்லை என்று பள்ளிவாசல் மௌலவியே சொல்லியும் அவர் கேட்கவில்லையாம்.

அதன் பிறகு நான் போன் எடுத்தால் அவர் பேசமாட்டார். கடைக்குப் போனால் ஸலாம் சொல்கிற மாதிரித் தலையை அசைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். ரூபாய் சற்றே நிமிர்ந்திருந்தது. கடையின் முன்பாதி வாடகையும் சேர்ந்து, அவரும் நானாவும் ஹஜ்ஜுக்குப் பதிந்துவிட்டார்கள் என்று அறிந்தேன். மன்னிப்பு என்று ஒன்று எனக்கு வருவதென்றால் அவர் ஹஜ்ஜுக்குப் போய்வந்த பிறகுதான் வரும் என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். போன மாதம் ஒரு பின்னேரம் எங்கள் வீட்டு வாசலில் முச்சக்கர வண்டி வந்து நின்றது. ராத்தா முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் சொந்தம், அயல், பழகியவர்கள் என்று எல்லோர் வீட்டுக்கும் போய், செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுவிட்டுத்தான் போவார்கள். டவுனில் அறுபது வீடு முடித்துவிட்டு, கடைசியில் மலையேறி எங்களிடம் வந்திருந்தார். அம்மா பாலில்லாத பிளேன்டி போட ஓடினார்.

"தெரிஞ்சோ தெரியாமலோ நான் ஒங்களுக்கு ஏதாச்சும் பிழ செஞ்சீந்தா, பொறுத்துக்கோங்க தங்கச்சி" என்றார், நின்றபடியே.

"நீங்க எனக்கு என்னா பிழை செஞ்சீங்க ராத்தா? அப்படியெல்லாம் கேக்காதீங்க" என்றேன்.

"செஞ்சீக்கி. அன்னைக்குப் பொறகு ஒங்களப் பத்தி மிச்சம் கூடுதலாப் பேசிட்டேன். கடையில வெச்சும் பேசினேன், வீட்டுலயும் பேசினேன்."

"எல்லாம் உண்மதானே ராத்தா?"

"உண்மயா ஈந்தாலும் புறம் பேசினது புறம்தான். பொறுத்துட்டேன்னு செல்லுங்க, நான் போகணும்."

பொறுத்துக்கிட்டேன் என்று சொன்னேன். என் வாயால் அந்தச் சொல்லை அவருக்குச் சொல்லும்படி ஆனதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பிளேன்டியை இரண்டு வாய் குடித்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து அவரிடமும் கேட்டார். அம்மா கும்பிட்டார். செருப்பைப் போடக் குனிந்தவரிடம் நான் கேட்டுவிட்டேன்.

"நீங்க என்னப் பொறுத்துட்டீங்களா ராத்தா?"

அவர் செருப்பைப் போட்டு நிமிர்ந்தார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். "இன்னும் இல்ல. எத்தனையோ தரம் பாத்துட்டேன், மனசு வருதில்ல. அங்க போய் அதயும் கேக்கத்தான் ஈக்கிறேன்" என்றார். பொறுத்துவிட்டேன் என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. இல்லை என்று சொன்ன அன்றைக்கு நான் அப்படித்தான் செய்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை. முச்சக்கர வண்டி திரும்பி டவுன் பக்கமாக இறங்கியது.

ஹஜ் முடித்து அவர் ஊர் வந்து சேர இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.